சீனத் தற்காப்புக் கலைகளில் பாட்டும் விலங்குப் பெயர்களும் எதற்கு? பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டவரின் மகன் குங்ஃபூ வகுப்பில் சேர்ந்திருக்கிறான். அங்கே "கொக்கு மாதிரி நில்", "பாம்பு மாதிரி கையை நீட்டு" என்று சொல்லித்தருவதோடு, சீன மொழியில் சில பாட்டு வரிகளையும் ஒப்பிக்கச் சொல்கிறார்களாம். அடி, உதை, தடுப்பு கற்பதற்கு இதெல்லாம் எதற்கு, வெறும் அலங்காரம்தானே என்று கேட்டிருக்கிறார்.

அலங்காரம் இல்லை. அந்த வரிகளும் விலங்குகளும்தான் அந்தக் கலையின் பாடப்புத்தகம். பாட்டோடு சொல்லித்தரும் ஆசிரியர் கிடைத்திருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

நான் பினாங்கில் வேலை பார்த்த காலத்தில் ஒரு சீனப் பெரியவரிடம் தாய் சி, அதன் பிறகு கொஞ்சம் ஷிங் யி என்ற இரண்டு சீனத் தற்காப்புக் கலைகளைக் கற்றேன். அவரை எல்லோரும் சிஃபு (ஆசான்) என்றுதான் கூப்பிடுவோம். இன்றும் பயிற்சியை விடவில்லை. அவரிடம் பார்த்ததையும் அப்புறம் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் பாட்டு. இந்தக் கலைகளை வளர்த்தவர்களில் நிறையப் பேர் விவசாயிகள், காவல்காரர்கள், சிப்பாய்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம். கற்றது மறக்காமல் இருக்க வாயில் நிற்கும் வரிகள் வேண்டும். "சுவான் பு லி ஷோ, ச்யூ பு லி கோ" என்று சீனத்தில் ஒரு பழமொழி உண்டு. முஷ்டிப் பயிற்சி கையை விட்டு நீங்கக் கூடாது, பாட்டு வாயை விட்டு நீங்கக் கூடாது என்பது பொருள். ஷோ, கோ என்று நம் இயைபுத் தொடை மாதிரி முடிவதால் ஒருமுறை கேட்டாலே மனத்தில் உட்கார்ந்துவிடும். நீளமான பாட்டுகள் பெரும்பாலும் வரிக்கு ஏழு அசை என்ற சீனக் கவிதையின் பழைய கணக்கில் இருக்கும். ஒரு வரி விட்டுப்போனால் ஓசை இடறும், உடனே தெரிந்துவிடும்.

அதற்காகப் படிக்காதவர்களுக்கான ஏற்பாடு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். மிங் காலத்துத் தளபதி சி ஜிகுவாங் (1528–1588) நன்றாகப் படித்தவர். கடற்கொள்ளையரை எதிர்த்துப் போரிடப் படை திரட்டியவர். 1560 வாக்கில் அவர் எழுதிய படைப்பயிற்சி நூலில் வெறுங்கைச் சண்டைக்கு ஒரு பகுதி இருக்கிறது. அதில் 32 நிலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், படத்தோடு ஒரு சிறு பாட்டு. பெரிய போரில் வெறுங்கை வித்தைக்கு வேலை இல்லை, ஆனால் கை கால்களைப் பழக்க, புதிதாகச் சேருபவனுக்கு இதுதான் வாசல் என்று அவரே சொல்லிவிடுகிறார். முதல் நிலையின் பாட்டு எப்படி முடிகிறது தெரியுமா? எதிரியின் முன்னால் துணிவு முந்தாவிட்டால் கண்ணின் கூர்மையும் கையின் வேகமும் வீண் என்று. அந்தப் படத்தைப் பார்த்து நிலையைக் கற்றுக்கொள்ளலாம். துணிவு பற்றிய இந்தச் சேதியைப் பாட்டுதான் சொல்ல முடியும்.

எனக்கு மிகவும் பிடித்தது தாய் சியின் "தள்ளும் கைகளின் பாட்டு". இரண்டு பேர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டு தொட்டபடி, ஒருவர் சமநிலையை மற்றவர் குலைக்கப் பார்க்கும் பயிற்சி அது. ஆறே வரிகள், 42 எழுத்துகள். முதல் வரி, நான்கு அடிப்படைக் கைவேலைகளையும் கவனமாகச் செய் என்கிறது. இரண்டாவது, மேல் உடம்பும் கீழ் உடம்பும் ஒன்றையொன்று தொடர்ந்தால் எதிரி உள்ளே வர முடியாது. மூன்றாவது, எவ்வளவு பலத்தோடு வந்து அடித்தாலும் அடிக்கட்டும். நான்காவதுதான் உலகம் முழுக்கப் பரவிய வரி: நாலு லியாங்கால் இழுத்து ஆயிரம் சின்னைத் திருப்பு. 16 லியாங் ஒரு சின், ஒரு சின் கிட்டத்தட்ட 600 கிராம். அதாவது 150 கிராம் விசையால் 600 கிலோவைத் திசைமாற்றச் சொல்கிறது. ஐந்தாவது, உள்ளே வரவிட்டு வெற்றிடத்தில் விழவை, சேர்ந்த கணமே வெளியே விடு. ஆறாவது, ஒட்டு, தொடர், பற்று, பின்னாலேயே போ. விலகவும் வேண்டாம், முட்டவும் வேண்டாம்.

வகுப்பில் இந்தப் பாட்டை யாரும் ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருப்பதில்லை. பயிற்சியின் நடுவே யாராவது தோளை இறுக்கி எதிர்த்தால் சிஃபு மூன்றாவது வரியை மட்டும் சொல்வார், தோள் இறங்கிவிடும். யாராவது பயந்து கையை எடுத்துவிட்டால் ஆறாவது வரி. நீளமாக விளக்கிக்கொண்டிருந்தால் அந்தக் கணம் போய்விடும். ஏழு அசையில் திருத்தம் முடிந்துவிடுகிறது. தனியாகப் பயிற்சி செய்யும்போதும் அந்த வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும், ஆசிரியர் பக்கத்தில் நிற்கிற மாதிரி. மனப்பாடம் செய்யச் சொல்வதன் நோக்கம் இதுதான். சொல்லை முதலில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். உடம்பு பிறகு வந்து சேரும்.

இந்தப் பாட்டு 19ஆம் நூற்றாண்டில் ஹெபெய் மாநிலத்து யோங்நியானில் வூ யூஷியாங், அவருடைய சகோதரி மகன் லி யீயூ ஆகியோர் வழியாக நமக்கு வந்த தொகுப்பில் இருக்கிறது. லி யீயூ 1881இல் கையால் எழுதிவைத்த பிரதிகள் புகழ்பெற்றவை. தாய் சிக்குப் பேர்போன சென் குடும்பத்தாரின் கிராமத்தில் இதே பாட்டுக்கு நான்கு வரி வடிவம் ஒன்று உண்டு. அங்கே ஆயிரம் சின் எட்டாயிரம் சின்னாகிவிடும்! வாய்வழியாக வந்த பாட்டு இப்படித்தான் இருக்கும்.

இனி விலங்குகள். தாய் சி ஏடுகளில் "பூனை நடப்பது போல் அடி எடு, பட்டுப்புழுக் கூட்டிலிருந்து பட்டு இழுப்பது போல் விசையைச் செலுத்து" என்று ஒரு வரி வரும். பூனை வைத்த காலில் உடனே எடையைப் போடாது. தரை தாங்குமா என்று பார்த்த பிறகுதான் போடும். எந்த நேரமும் காலைத் திரும்ப எடுக்க முடியும். இதைக் குதிகால், முழங்கால், இடுப்பு என்று பிரித்துச் சொன்னால் கற்பவர் கவனம் மூன்றாகச் சிதறும். "பூனை" என்றால் மூன்றும் ஒன்றாக வந்துவிடும். அதே ஏட்டில் இன்னொரு வரி: உருவம் முயலைப் பிடிக்கும் வல்லூறு, மனம் எலியைப் பிடிக்கும் பூனை. இங்கே பூனை நடக்கவே இல்லை. பொந்தின் முன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, முழுக் கவனத்தோடு. ஒரே விலங்கு ஒரு வரியில் கால், இன்னொரு வரியில் மனம்.

இதன் உச்சம் ஷிங் யியில் இருக்கிறது. ஐந்து பூதங்களின் பெயரில் ஐந்து அடிப்படைக் குத்துகள், அதற்கு மேல் டிராகன், புலி, குரங்கு, குதிரை, முதலை, சேவல், தகைவிலான் குருவி, பாம்பு, கழுகு, கரடி முதலான பன்னிரண்டு விலங்குகள் (ஹெனான் வழியில் பத்து). ஆனால் இவற்றில் எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு நிலையில் நிற்க வைப்பார்கள். அதற்கான வாய்ப்பாடு: சேவலின் கால், டிராகனின் உடல், கரடியின் தோள், தலையை அணைக்கும் புலி.

நின்று பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். சேவலின் கால் என்றால் எடை பெரும்பாலும் ஒரே காலில். மற்றது எப்போது வேண்டுமானாலும் எழத் தயார். டிராகன் உடல் என்றால் கணுக்கால், இடுப்பு, முதுகு என்று உடம்பு மடிந்து, விரியக் காத்திருக்க வேண்டும். கரடித் தோள் என்றால் தோள் உருண்டு தளர்ந்து, கழுத்து மட்டும் நிமிர்ந்து. புலி என்றால் பாய்வதற்கு முன் கைகள் தலையைக் காத்து முன்னே இருக்கும் அந்த நொடி. நான்கு விலங்குகள் ஒரே மனித உடம்பில் வெவ்வேறு இடத்தில் குடியிருக்கின்றன. எந்த விலங்கு மாதிரியும் வெளியே தெரியாது. சும்மா ஒருவர் கையை நீட்டி நிற்பது போலத்தான் இருக்கும்.

உருவத்தைப் பார்த்து அதன் கருத்தை எடு என்று ஷிங் யிக்காரர்கள் சொல்வார்கள். பாம்பு என்றால் நெளிவது இல்லை, புல்லை விலக்கிக்கொண்டு போகும் திசை மாறாத ஊடுருவல். தகைவிலான் குருவி என்றால் தண்ணீரை உரசிக்கொண்டு தாழப் பறந்து சட்டென மேலேறுவது. மேடையில் நாக்கை நீட்டி, கண்ணை உருட்டிக் காட்டும் புலியாட்டம் பார்க்க நன்றாக இருக்கலாம். ஆனால் கற்பித்தலில் விலங்கு செய்யும் வேலை அது இல்லை.

தெற்கே டிராகன், புலி, சிறுத்தை, பாம்பு, கொக்கு என்ற ஐந்தும் புகழ்பெற்றவை. டிராகன் மனத்தை, புலி எலும்பை, சிறுத்தை வலிமையை, பாம்பு மூச்சை, கொக்கு உயிர்ச்சத்தைப் பழக்குகிறது என்று வாய்ப்பாடாகச் சொல்வார்கள். ஃபோஷானின் வோங் ஃபெய் ஹுங் வழியில் வரும் ஹங் கார் என்ற பாணியில் புலியையும் கொக்கையும் ஒரே தொகுப்பாகக் கற்பிக்கிறார்கள். நெருங்கிப் பிய்க்கும் பலமும், விலகி நின்று கொத்தும் சமநிலையும் மாறி மாறி வரும். அவருடைய மாணவர் லாம் சாய் விங்கின் பெயரில் வந்த புத்தகத்தால் அது பரவலாகத் தெரிந்தது.

விலங்கைப் பார்த்து உடம்பைப் பழக்குவது சண்டையிலிருந்து தொடங்கியதும் இல்லை. மருத்துவர் ஹுவா துவோ 208 வாக்கில் போர்த்தலைவர் சாவ் சாவின் கையில் இறந்தவர். புலி, மான், கரடி, குரங்கு, பறவை என ஐந்து விலங்கு விளையாட்டுகளைத் தன் மாணவர் வூ பூவுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஓயாமல் திரும்பும் கதவின் கீல் உளுத்துப்போவதில்லை என்பது அவர் சொன்ன காரணம். வூ பூ தொண்ணூறு வயது தாண்டியும் கண்ணும் காதும் பல்லும் கெடாமல் இருந்தார் என்று வரலாற்று ஏடு சொல்கிறது. அதற்கும் முன்னால், கி.மு. 168இல் மூடப்பட்ட மாவாங்துயி கல்லறையில் 44 பேர் உடற்பயிற்சி செய்யும் பட்டு ஓவியம் கிடைத்தது. அதிலும் கரடியும் குரங்கும் உண்டு.

ஒரு பாட்டு வரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று. ஃபுஜியானின் வெள்ளைக் கொக்குப் பள்ளியோடு தொடர்புள்ள ஏடு ஒன்று ஒகினாவா போய்ச் சேர்ந்தது. அங்கே அதை புபிஷி என்பார்கள். அதில் எட்டு வரிப் பாட்டு ஒன்று: மனித மனம் வானமும் பூமியும் போன்றது, ரத்த ஓட்டம் சூரியனும் சந்திரனும் போன்றது என்று தொடங்கி, கண் நான்கு திசையும் பார்க்கட்டும், காது எட்டுத் திசையும் கேட்கட்டும் என்று முடியும். அதன் மூன்றாவது வரி, வன்மையும் மென்மையும் விழுங்கி உமிழும் முறை என்று பேசுகிறது. மியாகி சோஜுன் (1888–1953) தன் கராத்தே பள்ளிக்கு அந்த வரியிலிருந்துதான் கோஜு (வன்மை, மென்மை) என்று பெயர் வைத்தார். தமிழ்நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் கோஜு ரியு கராத்தே படிக்கிறார்கள். அவர்கள் சட்டையில் இருப்பது ஒரு பாட்டின் துண்டு என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

போதிதர்மர் காஞ்சியிலிருந்து போய் இதையெல்லாம் ஷாவோலினில் சொல்லிக்கொடுத்தார் என்று பின்னூட்டத்தில் எழுத வருபவர்களுக்கு: பௌத்த ஆசானாக அவரைச் சீனம் மதிக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் கதை 1624ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு பயிற்சி நூலில்தான் வருகிறது. அந்த நூலுக்கு 7ஆம் நூற்றாண்டுத் தளபதி எழுதியதாக முன்னுரை ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். தாங் ஹாவ் போன்ற சீன ஆய்வாளர்களே 20ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட பழம்பெருமைக் கதைகளைச் சலித்து எடுத்துவிட்டார்கள். பாட்டின் மதிப்பு அதை யார் எழுதினார் என்பதில் இல்லை. நின்று, நடந்து, தள்ளிப் பார்த்தால் அது வேலை செய்கிறது, அவ்வளவுதான் வேண்டும்.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருவோம். வரிகளை அவன் சீன ஓசையிலேயே மனப்பாடம் செய்யட்டும், அந்தத் தாளம் பயிற்சிக்கு உதவும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் தமிழில் பொருள் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதோடு, அந்த வரி உடம்பில் எந்த இடத்தைத் திருத்துகிறது என்று ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். தெரிந்த ஆசிரியர் வாயால் விளக்காமல் அவன் தோளையோ இடுப்பையோ தொட்டுக் காட்டிவிடுவார்.

அவர் எதுவும் இன்னும் கொடுக்கவில்லை என்றால், வடக்குச் சீனத்து நீள்முஷ்டிப் பயிற்சியின் பன்னிரண்டு உவமைகள் பிள்ளைகளுக்கு நல்ல தொடக்கம். வரிக்கு மூன்றே அசை. அலை போல் அசை, மலை போல் அசையாதிரு. குரங்கு போல் எழு, காக்கை இனத்து மேக்பை போல் லேசாக இறங்கு. சேவல் போல் ஒற்றைக்காலில் நில், பைன் மரம் போல் நிமிர்ந்து நில். சக்கரம் போல் சுழல், வில் போல் வளை. இலை போல் லேசு, இரும்பு போல் கனம். காற்று போல் வேகம், கழுகு போல் மெதுவாக. கழுகு எப்படி மெதுவாகும் என்று பையன் கேட்பான். மேலே வட்டமிடும் கழுகு இறக்கையை அசைப்பதே இல்லை, ஆனால் கீழே இருக்கும் இரையிலிருந்து கண்ணை எடுப்பதும் இல்லை என்று சொல்லி, அடுத்த முறை மெதுவான அசைவு வரும்போது அவன் பார்வை எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள்.