ரொபியும் மானும்

கேள்வி: தரம் 4 படிப்பிக்கிறேன், வகுப்பில் 34 பிள்ளைகள். ஒருவன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி ஜன்னலடிக்குப் போய்விடுவான். இடத்தில் இருந்தால் ரொபி தருவேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். இரண்டு வாரம் நன்றாகப் போனது. இப்போது ரொபி இல்லையென்றால் ஒருவரும் கொப்பி திறக்கிறார்கள் இல்லை. என்ன செய்வது ரீச்சர்?
— இளம் ஆசிரியை, உப்புவெளி

பதில்: தங்கச்சி, முதலில் ரொபிப் பையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், படம் கீற ஆசையுள்ள பாலர்களிடம் கீறினால் பரிசுண்டு என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் தாங்களாகக் கீறுவது குறைந்துபோனது. சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. பேரம்தான் வில்லங்கம்.

சரி, பெடியனுக்கு வருவோம். எழும்பினால் பெயர் சொல்லி அதட்டுவீர்கள்தானே? 33 பேரும் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதுதான் அவனுக்கு ரொபி.

எங்கள் திருகோணமலையில் தெருவில் திரியும் மான்களைத் தெரியும்தானே. ஓய்வு பெற்ற புதிதில் வாழைப்பழத் தோல் போட்டு ஒன்றைப் பழக்கிவிட்டேன். அது என் கத்தரிக் கன்றிலும் வாய் வைத்தது. தோலை நிறுத்தினேன். போய்விடும் என்று பார்த்தால், மூன்று நாள் படலையை முட்டு முட்டென்று முட்டியது. நாலாம் நாள் மனம் கேட்காமல் ஒரேயொரு தோல் போட்டேன். அவ்வளவுதான், பிறகு இரண்டு மாதம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. நீங்கள் பாராததுபோல் இருந்தால் அவனும் முதலில் கூடத்தான் துள்ளுவான். இடையில் ஒருநாள் கத்தினீர்களோ, அது நாலாம் நாள் தோல். (மற்றப் பிள்ளைக்கு அடித்தால் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அது வேறு.)

ஆனால் அவன் இருந்து எழுதும்போது கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம் இருந்தாலே பக்கத்தில் போய், "கடன் வாங்கிக் கழித்தது சரியாக வந்திருக்கு" என்று அவனுக்கு மட்டும் கேட்கச் சொல்லுங்கள். 'வெரி குட்' என்று தூரத்திலிருந்து எறிய வேண்டாம். அப்புறம் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று கூட்டலாம். நடக்கத்தானே அவனுக்கு ஆசை? ஐந்து கணக்கு முடித்தால் கொப்பி சேர்க்கும் வேலை அவனுக்கு.

தம்பலகாமத்தில் என்னிடம் படித்த ஒருவன் உழவு இயந்திரச் சத்தம் கேட்டால் ஜன்னலில்தான் நிற்பான். கணக்கு முடிந்ததும் கரும்பலகை துடைக்கும் வேலையைக் கொடுத்தேன். ஜன்னலை மறந்துவிட்டான் என்று சொல்ல மாட்டேன். தவணை முடிவில், இயந்திரம் வயலுக்குள் இறங்கியதும் தானாகத் திரும்பி வந்து இருந்தான்.