8 லட்சத்தை வைத்து 40 லட்சம் வீடு வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. வாடகை 9,000. கையில் 8 லட்சம் இருக்கிறது. அவிநாசி பக்கம் பத்து வருடப் பழைய வீட்டுக்கு 40 லட்சம் கேட்கிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக்கடனில் வங்கி அதிகபட்சம் 80 சதவீதம்தான் தரும். அதாவது 32 லட்சம். மீதி 8 லட்சத்தோடு உங்கள் கையிருப்பு தீர்ந்துவிடும். பத்திரச் செலவு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம், 3.60 லட்சம். அதற்குக் கடன் கிடைக்காது. விலையில் ஒரு பகுதியைப் பத்திரத்தில் காட்டாமல் வாங்கச் சொன்னால் கடன் தொகையும் குறையும்.

32 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் தவணை ஏறக்குறைய 27,800. அதில் இப்போதைய வாடகை போக மீதி ஏறக்குறைய 19,000-ஐ மாதாமாதம் ஆர்.டி.யில் (தொடர் வைப்பில்) இன்றே போடத் தொடங்குங்கள். இரண்டு வருடத்தில் 4.56 லட்சம் சேரும். பத்திரம், வக்கீல், சில்லறை ரிப்பேர் எல்லாம் அதில் அடங்கும். இடையில் மூன்று மாதம் கட்ட முடியாமல் போனால், இந்தக் கடன் உங்களுக்குப் பெரியது என்று அர்த்தம். பதிவு பெறாத சீட்டில் இந்தப் பணத்தைப் போட வேண்டாம்.

வீடு பார்க்கும்போது முதலில் தண்ணீர். மோட்டாரை ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டச் சொல்லுங்கள். பாதியில் காற்று வாங்கினால் போர்வெல்லில் ஊற்று போதவில்லை. நொய்யல் ஆற்றோரமென்றால் சாயக்கழிவு இறங்கிய நிலத்தடி நீராக இருக்கலாம். டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. 2,000-ஐத் தாண்டினால் குடிக்க ஆகாது.

அடுத்து சுவர். புது பெயின்ட் அடித்திருந்தால் கூடுதல் சந்தேகம் நல்லது. தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்துக்குள் நகத்தால் சுரண்டுங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் உப்பு ஏறியிருக்கிறது. பூச்சில் முடி போன்ற விரிசல் பரவாயில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் அப்படியல்ல. பல்லடம், உடுமலைப் பக்கக் கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்குவதால் அஸ்திவாரமே அசைந்திருக்கலாம். இன்ஜினியர் பார்க்காமல் விலை பேச வேண்டாம். மேல்மாடி பாத்ரூமுக்குக் கீழே உள்ள கூரையில் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பத்திர விஷயத்தில் 30 வருட வில்லங்கச் சான்று பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால், அசல் எங்கே என்று கேட்க வேண்டும். பூர்வீகச் சொத்து என்றால் விற்பவரின் அக்கா தங்கைகளின் கையெழுத்து கட்டாயம். 2005 சட்டத் திருத்தத்துக்குப் பின் மகள்களுக்கும் சம பங்கு. நம்ம பக்கத்தில் அதிகம் வம்பு வருவது தடத்தில்தான், அதாவது வீட்டுக்குப் போகும் வழியில். "இத்தனை அடித் தடத்தில் நடைவண்டிப் பாத்தியம்" (நடக்கவும் வண்டி ஓட்டவும் உரிமை) என்று பத்திரத்தில் இருக்கிறதா பார்த்து, டேப்பைப் பிடித்து அளந்து விடுங்கள். தடம் போகும் காட்டின் சொந்தக்காரர் பழகிய மனுசர் என்பதெல்லாம் அவர் மகன் வேலி போடும் வரைதான்.

இத்தனையும் சரியானால் கிரய ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள். வில்லங்கம் தெரிந்தாலோ கடன் மறுக்கப்பட்டாலோ அட்வான்ஸ் முழுதும் திரும்ப வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும். அதை எழுத விற்பவர் மறுத்தால் அட்வான்ஸ் தர வேண்டாம்.