கப்பல் லிஸ்ட் குழுவுக்கு காசு எங்கேருந்து வரும்?

கேள்வி: அக்கா, நாங்க ஏழு பேர் சம்பளமில்லாம ஒரு ஆன்லைன் குழு நடத்துறோம். கிர்மிட்ல, அதாவது ஒப்பந்தக் கூலியா, தென்னாப்பிரிக்காவுக்கு வந்த தாத்தா பாட்டிங்க எந்தக் கப்பல்ல, எந்த ஊர்லேருந்து வந்தாங்கன்னு தேடிப் பாக்குறதுதான் பொழுதுபோக்கு. இப்ப 1,900 பேர் இருக்காங்க. சர்வர், ஸ்கேன் வைக்கிற ஸ்டோரேஜ், ஜூம் எல்லாம் சேத்து வருஷத்துக்கு 14,000 ராண்ட் ஆகுது. மூணு வருஷமா நானேதான் கட்றேன், வீட்ல சண்டை. விளம்பரம் போடவா, மெம்பர் பீஸ் வாங்கவா?
- சாட்ஸ்வொர்த் (டர்பன்) வாசகர்

பதில்: தம்பி, வீட்ல சண்டை போடறது நியாயம்தான், நான் அவங்க பக்கம். 14,000 ராண்ட் மட்டும் விஷயமில்ல, ஒரே ஆள் கட்டினா குழு அந்த ஆளோட சொத்து மாதிரி ஆயிடும், நாளைக்கு உங்களுக்கு வேலை போச்சு இல்ல மனசு விட்டுப் போச்சுன்னா 1,900 பேரோட தேடலும் அன்னிக்கே நின்னுடும்.

விளம்பரம் வேண்டாம். 1,900 பேருக்கு வர்ற விளம்பரக் காசு டீத்தூளுக்குக் கூட காணாது, அதோட மெம்பர்களோட விவரத்த யாரோ பாத்துட்டே இருப்பாங்க. தனிநபர் விவரத்த பாதுகாக்கற நம்ம நாட்டு பொப்பியா சட்டம் 2021 ஜூலையிலேருந்து முழுசா அமல்ல இருக்கு, அது உயிரோட இருக்கறவங்க விவரத்துக்குத்தான், தாத்தாவுக்கு பொருந்தாது, ஆனா தாத்தாவ தேடி வர்ற பேரனுக்கு பொருந்தும்ல.

பீஸும் வேண்டாம்னுதான் சொல்வேன். 1860 நவம்பர் 16ல ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்லேருந்து 342 பேர டர்பன்ல எறக்குச்சு, 1911க்குள்ள மொத்தம் 1,52,184 பேர். அதுல தன் பாட்டனோட பேரும் நம்பரும் எதுன்னு பாக்க பேத்தி காசு கட்டணும்னா எனக்கே கோவம் வரும்.

மொதல்ல செலவ கொறைங்க. பெரிய ஸ்கேன் ஃபைல் எல்லாத்தையும் ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல போட்டு ஒண்ணு உங்க வீட்ல, ஒண்ணு டர்பன்லயே ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கற யாராவது வீட்ல வைங்க, ஆன்லைன்ல சின்ன காப்பி போதும். பாதி பில் அங்கதான் இருக்கும்னு நெனைக்கிறேன்.

அப்புறம் கேளுங்க, வெக்கப்படாம கேளுங்க. விக்கிபீடியாவே வருஷாவருஷம் பேனர் போட்டு கேக்குது. 60 பேர் மாசம் 20 ராண்ட் குடுத்தா வருஷத்துக்கு 14,400, அதாவது நூத்துல மூணு பேர் போதும், மத்தவங்க சும்மா பாத்துட்டுப் போகட்டும். ஆனா மாசாமாசம் கார்டுல 20 ராண்ட் வாங்கினா அதுல ஒரு பங்கு கமிஷனுக்கே போயிடும், அதனால வருஷத்துக்கு ஒரு தடவ 240 ராண்டா பேங்க்லேருந்து பேங்குக்கு நேரா (இ.எஃப்.டி.) அனுப்பச் சொல்லுங்க. எப்ப? நவம்பர் 16தான், அன்னிக்கு எல்லாருக்கும் கப்பல் ஞாபகம் வரும்.

இன்னொண்ணு, உபயம். கோயில்ல ட்யூப்லைட் பூரா உபயதாரர் பேர எழுதி வெளிச்சமே வராத மாதிரி இல்ல, அடக்கமா. ஒரு கப்பலோட லிஸ்ட் ஸ்டோரேஜ் செலவ அந்தக் கப்பல்ல வந்தவங்களோட ஒரு குடும்பம் இந்த வருஷம் ஏத்துக்கட்டும், லிஸ்ட்டுக்கு அடியில ஒரு வரி நன்றி. நம்ம ஆளுங்க பொதுச் செலவுன்னா யோசிப்பாங்க, தாத்தா பேர்லன்னா பர்ஸ் தானா தொறக்கும்.

இப்ப முக்கியமானது, கணக்கு. எங்க பக்கத்துக் கோயில் கூரைக்காக ஒரு தடவ வெஜிடபிள் பிரியாணி பார்சல் வித்தோம், நல்லாத்தான் வித்துச்சு, ஆனா அரிசிக்கு எவ்ளோ, கேஸுக்கு எவ்ளோன்னு யாரும் எழுதல, யாரும் திருடலதான், ஆனா ஆறு மாசம் ரெண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்ல. கல்யாணத்துல மொய் நோட்டு எதுக்கு இருக்கு? அந்த மாதிரி வந்தது, போனது ரெண்டையும் மாசாமாசம் எல்லாரும் பாக்கற எடத்துல போடுங்க. உங்க சொந்த அக்கவுண்ட்ல ஒரு ராண்ட் கூட வாங்காதீங்க, ஏழு பேரும் உக்காந்து ஒரு சின்ன சட்டதிட்டம் எழுதி கையெழுத்துப் போட்டு, அத வச்சு பேங்க்ல கிளப் அக்கவுண்ட் தொறங்க, காச எடுக்க ரெண்டு பேர் ஒப்புதல் வேணும்னு வைங்க. சர்வர் பாஸ்வேர்டும் ரெண்டு பேர்கிட்ட இருக்கட்டும்.

குழுக்களுக்கு காசு வாங்கி கணக்கு காட்டற ஓப்பன் கலெக்டிவ் மாதிரி வெப்சைட்ல கணக்கு தானா வெளிய தெரியும், நல்லதுதான். ஆனா அது வழியா நூத்துக்கணக்கான குழுக்களோட காச வச்சிருந்த ஒரு அமெரிக்க ஃபவுண்டேஷன் 2024 கடைசியில மூடிடுச்சு, எல்லாரும் அவசர அவசரமா வேற எடம் தேட வேண்டியதாப் போச்சு. அதனால பணம் பூரா ஒரே எடத்துல வைக்காதீங்க.

பெரிய கடைக்காரங்க, குடுத்த நன்கொடைக்கு வரிச் சலுகை வாங்க 18ஏ சர்டிபிகேட் கேப்பாங்க. வரித்துறை சார்ஸ்கிட்ட அனுமதி வாங்கின அமைப்புங்க மட்டும்தான் அத குடுக்க முடியும், எல்லா வேலைக்கும் கெடைக்காது, அதனால இப்போதைக்கு இல்லன்னு நேரா சொல்லிடுங்க.

அடுத்த மாச பில் வந்ததும் நீங்க கட்டாதீங்க தம்பி. போட்டோ எடுத்து குழுவுல போட்டு, கீழ மூணு வருஷமா யார் கட்டினாங்கன்னு ஒரு வரி எழுதுங்க. வீட்டம்மாவுக்கும் அத காட்டுங்க.