சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்

கேள்வி: மாமிக்கு 74 வயது. பாரிசவாதத்தால் வலக்கை, வலக்கால் இயங்காது. சிறுநீர்க் குழாயுடன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். முதுகின் அடியில், எலும்பு முட்டும் இடம் சிவந்திருக்கிறது. நல்லெண்ணெய் தேய்க்கும்படி அயலவர்கள் சொல்கிறார்கள். பகலில் நான் தனியாள். எப்படிப் புரட்டுவது? கிருமி தொற்றாமல் எப்படிப் பார்ப்பது? (கொக்குவில் வாசகி)

பதில்: எண்ணெய்ப் போத்தலை மூடி வையுங்கள். எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே தசை நசுங்கி, இரத்த ஓட்டம் தடைப்பட்டு வந்த சிவப்பு அது. தேய்த்தால் நலிந்த தோல் இன்னும் சிதையும். விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்துப் பின் சிவந்தால் தப்பிக்க நேரம் இருக்கிறது. வெளுக்கவே இல்லையென்றால், தோல் உடையாவிட்டாலும் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது, வைத்தியரிடம் காட்டுங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாமலும் போகலாம். அங்கே சூடும் இறுக்கமும்தான் அடையாளம். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையம் வாங்கச் சொல்வார்கள். வேண்டாம், அது சுற்றியுள்ள இடத்தை நெரிக்கும்.

உண்மையான மருந்து புரட்டுவதுதான். பொதுவாக 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. பழைய சேலை ஒன்றை மடித்து, தோளிலிருந்து தொடை வரை மாமிக்குக் கீழே விரித்து வையுங்கள். இடப்பக்கம் புரட்டுவதானால், முதலில் வலப்புறம் நின்று சேலையைப் பிடித்து அவரை உங்கள் பக்கம் நகர்த்துங்கள். உடலை இழுத்தால் தோல் உராயும். சேலையோடு நகர்ந்தால் உராயாது. பிறகு மறுபுறம் வாருங்கள். அவருடைய வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வலமுழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கைவைத்து உங்களை நோக்கி உருட்டுங்கள். வலக்கையைப் பிடித்து மட்டும் இழுக்கவே கூடாது, தோள்மூட்டு விலகிவிடும். முழுதாகப் பக்கவாட்டில் கிடத்தாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை அளவில் சரித்து விடுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று, குதிக்கால் மெத்தையைத் தொடாதபடி. உங்கள் இடுப்பு முக்கியமில்லையா? முழங்காலை மடக்கி நின்று செய்யுங்கள்.

புரட்டும்போது, குழாயின் முனையில் சிறுநீர் சேரும் பையை மாமியின் வயிற்றின் மேல் வைப்பதைப் பல வீடுகளில் காணலாம். பையில் தேங்கியது திரும்பி உள்ளே ஓட, கிருமியும் கூடவே போகும். முதலில் பையை அவர் புரளும் பக்கத்துக்கு மாற்றுங்கள். எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், நிலத்தில் படக்கூடாது. முக்கால்வாசி நிரம்பும் முன்பே வெறுமையாக்குங்கள். குழாய் இணைப்பைக் காரணமின்றிக் கழற்ற வேண்டாம். மலம் துடைப்பது முன்னிருந்து பின்னாக.

மாமியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் சவர்க்காரத்தால் 40 முதல் 60 வினாடி கை கழுவுங்கள். கிண்ணத்தில் கையை நனைத்து எடுப்பது கழுவலாகாது. ஓடும் தண்ணீர் வேண்டும். நம் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரில் நுரை குறைவாகத்தான் வரும், கவலை வேண்டாம். விரலிடுக்கும் நகக்கண்ணும் தேய்படுவதே முக்கியம். கையுறை போட்டாலும் கழற்றிய பின் கழுவத்தான் வேண்டும். மலம் துடைத்த கையுறையோடு குழாயைத் தொடாதீர்கள்.

காய்ச்சல், நடுக்கம், கலங்கிய சிறுநீர், பையில் ஒன்றும் சேராமை ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரி. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் திடீர்த் தடுமாற்றமோ அளவுகடந்த தூக்கமோ மட்டும் வரலாம். அதற்கும் அதே அவசரம்தான்.