சீடு சொற்களை எங்கே வைத்திருக்கிறீர்கள்? வீட்டுக் கம்ப்யூட்டரில் கிரிப்டோ வாலட்: கேள்வி-பதில்

வந்து குவிந்த கேள்விகளை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், வேஷம் மட்டும் வேறு வேறு. அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாலட் என்பது நீங்கள் இன்ஸ்டால் செய்த மென்பொருள் இல்லை. காயினும் உங்கள் கம்ப்யூட்டருக்குள் இல்லை, அது பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது அதை நகர்த்துவதற்கான ரகசியச் சாவி, அதாவது பிரைவேட் கீ மட்டும்தான், அதையும் பெரும்பாலான வாலட்கள் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாக மாற்றிக் கொடுத்துவிடுகின்றன. அவைதான் சீடு சொற்கள். அந்தச் சொற்களைப் பார்த்தவர் எவரோ அவரும் உங்களைப் போலவே முதலாளி. சரி, கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி: 24 சொற்களையும் நோட்பேடில் டைப் செய்து, ஃபைலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெயர் வைத்து ஒளித்திருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஃபோனில் போட்டோவும் எடுத்தேன். போதுமா?

போதும் போதாது என்பதல்ல, இதைச் செய்யவே கூடாது. ஃபைலின் பெயரைப் பார்த்து ஏமாறுவது மனிதர்கள்தான். இந்தச் சொற்கள் எல்லாம் பிப்-39 என்ற தரத்தின் 2048 சொல் பட்டியலிலிருந்து வருபவை, பட்டியல் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பட்டியலில் உள்ள சொற்கள் வரிசையாக 12 அல்லது 24 எங்காவது இருக்கிறதா என்று ஒரு டிஸ்க் முழுக்கத் தேடுவது ஒரு சின்ன ஸ்கிரிப்டுக்குச் சாதாரண வேலை.

போட்டோ இன்னும் மோசம். படத்தில் இருக்கும் எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கை என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஸ்பார்க்கேட் என்று பெயரிட்ட ஒரு மால்வேரைப் பற்றி எழுதினார்கள். அதன் வேலையே ஃபோன் கேலரியில் உள்ள படங்களில் எழுத்துகளைப் படித்து, சீடு சொற்கள் மாதிரி ஏதாவது கிடைத்தால் அனுப்பிவைப்பது. அது கூகுள் பிளே ஸ்டோரிலும் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலும் இருந்த ஆப்களுக்குள்ளேயே இருந்தது. இது போதாதென்று, பல ஃபோன்களில் எடுத்த போட்டோ தானாகவே கிளவுடுக்கும் போய்விடும், அங்கிருந்து அதே கணக்கில் இருக்கும் மற்ற கருவிகளுக்கும்.

இப்போது ஃபைலையும் போட்டோவையும் டெலீட் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாமா என்றால், முடியாது. ஏற்கெனவே யாராவது எடுத்தாச்சா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. புது வாலட் ஒன்றை உருவாக்குங்கள், அதன் சொற்களைக் காகிதத்தில் கையால் எழுதுங்கள். காயினை மாற்றுவதற்கு முன்னாடி, ஒரு சின்னத் தொகையை அனுப்பி, வாலட்டை அழித்து, எழுதிய காகிதத்தை வைத்து அதைத் திரும்பக் கொண்டுவர முடிகிறதா என்று பாருங்கள். பலரும் தவிர்ப்பது இந்தப் படியைத்தான், சொல் வரிசையில் ஆறும் ஏழும் இடம் மாறியிருப்பது அப்போதுதான் தெரியவரும். எல்லாம் சரியாக இருந்தால் மீதியையும் மாற்றுங்கள். பழைய ஃபைலை அழிப்பதெல்லாம் அப்புறம்.

கேள்வி: ஆன்டிவைரஸ் இருக்கிறது, வாலட்டுக்கும் நல்ல பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன். இதற்கு மேல் என்ன ஆகிவிடும்?

பாஸ்வேர்டு என்ன செய்கிறது என்று பார்ப்போம். உங்கள் டிஸ்கில் இருக்கும் வாலட் ஃபைலை அது பூட்டிவைக்கிறது. ஆனால் திருடுகிறவன் பூட்டை அங்கேயே உட்கார்ந்து உடைப்பதில்லை, ஃபைலையே எடுத்துக்கொண்டு போய் ஆற அமர லட்சக்கணக்கான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்ப்பான். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்வதற்கு அங்கே வங்கி எதுவும் இல்லை. ஆகவே வேறெங்கும் பயன்படுத்தாத, நீளமான பாஸ்வேர்டு கட்டாயம். உங்கள் மெயிலுக்கும் இதுதான் பாஸ்வேர்டு என்றால், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் அதே மால்வேர் சாவியையும் சேர்த்தே எடுத்துப்போகும்.

அடுத்தது, பாஸ்வேர்டைத் தொடவே தேவையில்லாத வகை. இதை நான் கண்ணால் பார்த்தது ஒரு நண்பரின் லேப்டாப்பில். அனுப்பிய பணம் வந்து சேரவில்லை என்றார். ஒரு பிட்காயின் முகவரியை (பணம் போய்ச் சேர வேண்டிய கணக்கு எண் மாதிரி) காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்து பார்த்தோம்: முதல் மூன்று எழுத்து அதேதான், மீதி அத்தனையும் வேறு. மறுபடி காப்பி, மறுபடி பேஸ்ட், மறுபடியும் அந்த அந்நிய முகவரி. சாதாரண வார்த்தை எதையாவது காப்பி செய்தால் ஒழுங்காக ஒட்டுகிறது, பிட்காயின் முகவரி என்றால் மட்டும் மாறிவிடுகிறது. கிளிப்போர்டைக் கவனித்துக்கொண்டே கிடக்கும் ஒரு சின்ன புரோகிராம், கிராக் செய்த விளையாட்டு ஒன்றோடு வந்து உட்கார்ந்திருந்தது. ஆன்டிவைரஸ் பச்சை டிக் காட்டிக்கொண்டே இருந்தது, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் பேஸ்ட் செய்த பிறகு முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள், நடுவிலும். முதல் நாலும் கடைசி நாலும் மட்டும் பார்க்கும் பழக்கத்தை நம்பியே இன்னொரு ஏமாற்று நடக்கிறது: நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியைப் போலவே தொடங்கி முடியும் ஒரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து உங்களுக்குச் சில்லறைத் தொகை ஒன்றை அனுப்பிவைப்பார்கள். அடுத்த முறை நீங்கள் பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து காப்பி செய்தால் கதை முடிந்தது. பட்டியலிலிருந்து முகவரி எடுக்காதீர்கள், பெரிய தொகை என்றால் முதலில் கொஞ்சம் அனுப்பிப் பாருங்கள்.

கேள்வி: வாலட் திறந்ததும் "அப்டேட் செய்யவும்" என்று வருகிறது. செய்யலாமா?

அப்டேட் அவசியம், ஆனால் அந்த அறிவிப்பில் உள்ள லிங்க் வழியாக வேண்டாம். 2018 டிசம்பரில் எலெக்ட்ரம் வாலட்டில் இதைத்தான் செய்தார்கள். எலெக்ட்ரம் மென்பொருள் யார் வேண்டுமானாலும் நடத்தக்கூடிய சர்வர்களோடு பேசும். திருடர்கள் தங்கள் சர்வர்களைச் சேர்த்துவிட்டு, பயனர் பணம் அனுப்பும்போது "புதுப் பதிப்பை இறக்குங்கள்" என்று ஒரு பிழைச் செய்தியைத் திருப்பி அனுப்பினார்கள். செய்தி உண்மையான வாலட்டின் உள்ளேயே வந்தது, லிங்க் போய் நின்றது போலிப் பதிப்பில். முதல் சில நாட்களிலேயே 200 பிட்காயினுக்கு மேல் போனது.

பிரவுசரில் நீங்களே சேமித்துவைத்த வெப்சைட் முகவரிக்குப் போய் இறக்குங்கள். தேடுபொறியில் பெயரைப் போட்டு மேலே வரும் விளம்பரத்தை அழுத்துவது இந்த விஷயத்தில் தற்கொலைக்குச் சமம். இறக்கியதும், தயாரித்தவர்கள் வெளியிடும் பிஜிபி கையெழுத்தைச் சரிபாருங்கள், ஃபைல் அவர்களுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை அது. முதல் தடவை அரை மணி நேரம் பிடிக்கும், இரண்டாம் தடவை இரண்டு நிமிடம். ஃபைலின் கைரேகை மாதிரி இருக்கும் ஹேஷ் எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். ஃபைல் இருக்கும் அதே பக்கத்தில்தான் அந்த எண்ணும் இருக்கிறது என்றால், பக்கத்தை மாற்றியவன் எண்ணையும் மாற்றியிருப்பானே.

கேள்வி: பழைய ஹார்டு டிஸ்கில் 2014ஆம் ஆண்டு பிட்காயின் கோர் என்ற மென்பொருளின் வாலட் ஃபைல் பேக்கப் ஒன்று கிடைத்தது. அதற்குப் பிறகும் அந்த வாலட்டைப் பயன்படுத்தியிருக்கிறேன். பேக்கப்பில் எல்லாம் இருக்குமா?

நல்ல கேள்வி, இது தெரியாமல் பணத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. இப்போதைய வாலட்கள் ஒரே விதையிலிருந்து (சீடு என்பது அதுதான்) எத்தனை முகவரி வேண்டுமானாலும் முளைக்க வைக்கும், ஒரு பேக்கப் போதும். பிட்காயின் கோரில் அந்த வசதி வந்தது 2016ல், 0.13 பதிப்பில். அதற்கு முன்னால் ஒவ்வொரு கீயும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் உருவாகும். வழக்கமாக 100 கீகளை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளும். நீங்கள் புது முகவரி கேட்கும்போதும் ஒன்று செலவாகும், பணம் அனுப்பும்போது மிச்சம் திரும்பி வருவதற்கு உங்கள் கண்ணில் படாமலே இன்னொன்று செலவாகும். பேக்கப் எடுத்த பிறகு அந்த 100 தீர்ந்திருந்தால், அதற்குப் பின்னால் உருவானவை பேக்கப்பில் கிடையாது. இடையில் வாலட்டுக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தாலும் அப்படித்தான், அந்தச் சமயத்தில் அது பழைய கீ கையிருப்பைத் தள்ளிவிட்டுப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும்.

எனவே பேக்கப் கிடைத்துவிட்டதே என்று மூல டிஸ்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிடைக்கும் எல்லா வாலட் ஃபைல்களையும், எந்தத் தேதியில் எடுத்தது என்றாலும், முதலில் இரண்டு இடங்களில் நகல் எடுங்கள். நகலில்தான் சோதனை. பிட்காயின் கோரின் 30வது பதிப்பு பழைய வகை வாலட்டை நேரடியாகத் திறக்காது, புது வகைக்கு மாற்றச் சொல்லும். நகல் எடுக்காமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: காகிதத்தில் எழுதிய 12 சொற்களில் ஒன்றின் மீது தண்ணீர் பட்டு அழிந்துவிட்டது. எல்லாம் போச்சா?

போகவில்லை. பட்டியலின் முதல் சொல் 'அபாண்டன்', கடைசி 'ஜூ', நடுவில் சேர்த்து மொத்தமே 2048 தானே. அதிலும் 12 சொற்களில் நாலு பிட் சரிபார்ப்புக்காக ஒதுக்கப்பட்டது, ஆகவே பதினாறில் ஒரு சொல்தான் அந்த இடத்தில் பொருந்தும். சுமார் 128 சொற்களைப் போட்டுப் பார்த்தால் முடிந்தது. எந்தச் சொல்லுக்கும் முதல் நாலு எழுத்து இன்னொன்றோடு ஒத்துப்போகாது, அதனால் சொல்லின் தொடக்கம் மட்டும் தெரிந்தாலும் போதும். இதற்கென்று புரோகிராம்கள் இருக்கின்றன, ஆனால் இன்டர்நெட்டைத் துண்டித்த கம்ப்யூட்டரில் மட்டும் ஓட்டுங்கள். மீதி 11 சொற்களை ஏதோ ஒரு வெப்சைட்டில் போய் டைப் செய்தால், விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் வேலையை அவர்களும் செய்வார்கள், உங்களை விட வேகமாக.

ஒரு சின்ன விஷயம்: எலெக்ட்ரம் கொடுக்கும் சொற்கள் பிப்-39 முறையில் வருபவை இல்லை, அதன் சரிபார்ப்பே வேறு. எந்த மென்பொருளில் உருவாக்கியது என்று காகிதத்திலேயே எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது.

கேள்வி: 13வது சொல், 25வது சொல் என்கிறார்களே, சேர்க்கலாமா?

அது பட்டியலில் இல்லாத, நீங்களே வைக்கும் பாஸ்ஃபிரேஸ். காகிதத்தை யாராவது எடுத்தாலும் அது இல்லாமல் காயினைத் தொட முடியாது என்பது லாபம். ஆனால் தவறாக அடித்தால் "தவறு" என்று எதுவும் சொல்லாது. ஒரு எழுத்து பெரிய எழுத்தாக மாறியிருந்தால்கூட, அழகாக வேறொரு வாலட் திறக்கும், காலியாக. பார்த்தவருக்கு நெஞ்சு நின்றுவிடும். மறதி எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு ஸ்டெஃபன் தாமஸ் என்ற புரோகிராமர் ஊரறிந்த உதாரணம்: 7002 பிட்காயினின் சாவி இருக்கும் ஐயன்கீ என்ற பூட்டுள்ள பென் டிரைவின் பாஸ்வேர்டை மறந்துவிட்டார், பத்து முறை தவறினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும், எட்டு முறை ஏற்கெனவே முயன்றாச்சு. உங்களுக்கு மறதி அதிகம் என்றால் பாஸ்ஃபிரேஸ் வேண்டாம், வைத்தால் அதையும் எழுதி, சொற்கள் இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் வையுங்கள்.

கேள்வி: ஹார்டுவேர் வாலட் வாங்கியே ஆகவேண்டுமா? பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது.

கீயைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் சின்னத் தனிக் கருவிதான் ஹார்டுவேர் வாலட். தொலைந்தால் தூக்கம் கெடும் அளவுக்குத் தொகை இருந்தால் வாங்குங்கள். அதன் பெரிய பயன் சொந்தத் திரை, கம்ப்யூட்டர் பொய் சொன்னாலும் எந்த முகவரிக்கு எவ்வளவு போகிறது என்பதை அங்கே பார்க்கலாம், பார்த்தால்தான் பயன். தயாரிப்பாளரிடமிருந்தே வாங்குங்கள். பெட்டியிலேயே சொற்கள் எழுதி வந்தால் அது மோசடி.

பழைய லேப்டாப்பும் நல்ல யோசனைதான். டிஸ்கைச் சுத்தமாக அழித்து லினக்ஸ் போட்டு, நெட்டில் சேர்க்காமல் வைத்து, கீ அதில் மட்டும் இருக்கட்டும். தினசரி கம்ப்யூட்டரில் பார்க்க மட்டும் முடிகிற வாலட். பரிவர்த்தனையை இங்கே தயாரித்து, பென் டிரைவில் எடுத்துப்போய் அங்கே இருக்கும் கீயால் கையெழுத்திட்டு, திரும்பக் கொண்டுவந்து அனுப்பலாம். மாதம் ஒருமுறை அனுப்புகிறவருக்குச் சரி, தினமும் அனுப்புகிறவர் இரண்டாம் வாரமே சலித்துப்போய் வைஃபையைப் போட்டுவிடுவார்.

கேள்வி: உதவி கேட்டு எழுதினேன், ஒருவர் தனியே தொடர்புகொண்டு "வாலட்டைச் சரிபார்க்க" சீடு சொற்களைக் கேட்கிறார்.

திருடன். பிளாக் செய்யுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, இந்த நிமிடமே காயினைப் புது வாலட்டுக்கு மாற்றுங்கள். நாளைக்கு வேறொருவர் வந்து "போன பணத்தை மீட்டுத் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்பார், அவரும் அதே கூட்டம்தான்.

கேள்வி: வாலட் இருந்த லேப்டாப்பை விற்கப் போகிறேன். ஃபார்மேட் செய்தால் போதுமா?

வேகமாகச் செய்யும் ஃபார்மேட்டில் ஃபைல்கள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். எஸ்எஸ்டியில் மேலே மேலே எழுதி அழிக்கலாம் என்றாலும், அது எழுத்தை எந்தச் சில்லில் போடும் என்பது நம் கையில் இல்லை. முதல் நாளிலிருந்தே விண்டோஸின் பிட்லாக்கரோ மேக்கின் ஃபைல்வால்ட்டோ போட்டு டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் ஆகியிருந்தால் கவலை குறைவு. இல்லையென்றால் முதலில் காயினைப் புது சொற்கள் கொண்ட வாலட்டுக்கு மாற்றுங்கள். அதன் பிறகு அந்த டிஸ்கில் கிடப்பது காலிப் பெட்டியின் சாவி, வாங்குகிறவர் தோண்டி எடுத்தாலும் எடுக்கட்டும்.