ஒருவர் ஆடும் கேம் என்றார்கள், உள்ளே இன்னொருவர் இருக்கிறாரே!

கேள்வி: பெரிய நிறுவனம் இல்லாமல் ஓரிருவர் செய்யும் சின்ன இண்டி கேம் ஒன்றை நண்பன் பரிந்துரைக்கிறான். இருபது நிமிடத்தில் முடிந்துவிடுமாம். "எதையும் படிக்காமல் ஆடு" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்கிறான். கடைப் பக்கத்திலும் நாலு வரிதான் இருக்கிறது. இப்படிக் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்கலாமா?

பதில்: நண்பர் வம்புக்குச் சொல்லவில்லை. இந்த வகை கேம்களில் நீங்கள் காசு கொடுப்பதே உள்ளே ஒளித்துவைத்திருக்கும் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் விற்க ஒன்றும் மிஞ்சாது.

'மொய்ராய்' என்று ஓர் இலவச கேம் இருந்தது. காணாமல்போன ஒரு பெண்ணைத் தேடி நீங்கள் குகைக்குள் போவீர்கள். எதிரே உடம்பெல்லாம் ரத்தக்கறையோடு ஒரு விவசாயி வருவார். அவரிடம் சில கேள்விகள் கேட்கலாம். பதிலைக் கேட்டுவிட்டு அவரைக் கொல்வதா, போக விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். உள்ளே போய்த் திரும்பும்போது உங்கள் மேலும் ரத்தம். எதிரே வருபவர் அதே கேள்விகளை இப்போது உங்களிடம் கேட்பார், பதிலை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். அப்போதுதான் உறைக்கும்: அந்த விவசாயி சொன்ன பதில்களெல்லாம் உங்களுக்கு முன்னால் ஆடிய யாரோ ஒருவர் எழுதியவை. நீங்கள் எழுதியது அடுத்து ஆடுபவருக்குப் போகும். உங்களைக் கொல்வதா விடுவதா என்பது அவர் கையில். 2017-இல் யாரோ அதன் தரவுத்தளத்தைத் தாக்க, செய்தவர்களே கேமை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் ரகசியத்தை இங்கே போட்டு உடைக்கிறேன்.

சரி, ரகசியம் கெடாமல் எப்படிச் சோதிப்பது? கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில், கேமின் பக்கத்தில் 'ஒருவர் ஆடுவது' என்று மட்டும் போட்டிருக்கும். கீழே கணினித் தேவைகள் பகுதியைப் பாருங்கள். ஒருவர் ஆடும் கேமுக்கு இணைய இணைப்பு எதற்கு என்று தோன்றினால், உள்ளே வேறு யாரோ இருக்க வாய்ப்புண்டு. அப்புறம் விமர்சனங்களைத் தேதி வாரியாக அடுக்கி, புதியவற்றில் 'கனெக்ட் ஆகவில்லை', 'யாருமே வரவில்லை' என்ற புலம்பல் இருக்கிறதா என்று மேலோட்டமாகப் பாருங்கள். இல்லையென்றால் பக்கத்தை மூடிவிட்டு வாங்குங்கள். பழைய, நீளமான விமர்சனங்கள் பக்கம் போகவே போகாதீர்கள், அவற்றில் கதை முழுக்கச் சொல்லியிருப்பார்கள்.

கேள்வி: இப்படி வேறு ஆட்களும் வரும் ஒரு கேமைத் தள்ளுபடியில் வாங்கிப் பல மாதம் அப்படியே வைத்திருந்தேன். இப்போது திறந்தால் வழியில் ஒருவரும் வருவதில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் கிடைப்பது கஷ்டம். ஸ்டீமின் பொது விதிப்படி வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருக்க வேண்டும். நீங்கள் திறந்தே பார்க்காவிட்டாலும் அந்த 14 நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். விதிக்கு வெளியே இருந்தாலும் விண்ணப்பித்தால் பரிசீலிப்போம் என்று அவர்களே சொல்வதால், காரணத்தை எழுதி அனுப்பிப் பாருங்கள்.

இப்படி உள்ளே வேறொருவர் இருக்கும் கேம்களில் இரண்டு ரகம் உண்டு. மொய்ராய் போன்றவற்றில் முன்பு ஆடியவர் விட்டுப்போனதைத்தான் பார்க்கிறீர்கள். சர்வர் உயிரோடு இருந்தால் நள்ளிரவில் தனியாக ஆடினாலும் வேலை செய்யும். 2012-இல் வந்த 'ஜர்னி' வேறு மாதிரி. பாலைவனத்தில் உங்களோடு நடந்துவரும் உருவம் அதே நேரத்தில் எங்கோ உட்கார்ந்து ஆடும் ஓர் ஆள். பேச முடியாது, ஓசை எழுப்ப மட்டும்தான் முடியும். அவர் பெயரே கேம் முடிந்த பிறகுதான் தெரியும். இந்த ரகத்தில் கூட்டம் கலைந்தால் கேமில் பாதி போயிற்று. எனவே வெளிவந்த புதிதிலோ தள்ளுபடி நடக்கும் நாட்களிலோ ஆடிவிடுங்கள். மற்ற கேம்களை அலமாரியில் போட்டு வைக்கலாம், இதை வைக்காதீர்கள்.

கேள்வி: ஒன்றரை மணி நேரத்தில் முழுதாக முடித்துவிட்டேன். இரண்டு மணி நேரத்துக்குள்தானே, பணத்தைத் திரும்ப வாங்கினால் என்ன?

பதில்: விதி இடம் தருகிறது. விதி, முடித்தீர்களா என்று கேட்பதில்லை, மணியைத்தான் பார்க்கிறது. ஆனால் இப்படியே நிறையப் பேர் செய்ததால், 2021-இல் 'சம்மர் ஆஃப் 58' என்ற குறுங்கேமைச் செய்த எமிகா கேம்ஸ், கேம் செய்வதையே காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. கேம் ஓடாமல் தகராறு செய்தால் தயங்காமல் கேளுங்கள். ரசித்து முடித்துவிட்டுக் கேட்பது, என் கணக்கில், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இலையைத் திருப்பிக் கொடுத்துக் காசைக் கேட்பதுதான்.

கேள்வி: நான் கேமில் எழுதியது வேறு ஒருவருக்குப் போகும் என்று தெரியாமல் சொந்த விஷயத்தைக் கொட்டிவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது.

பதில்: பெயர், ஊர், தொலைபேசி எண் எழுதவில்லையென்றால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். எழுதியிருந்தால், கேம் செய்தவருக்கு இன்றே மடல் போட்டு நீக்கச் சொல்லுங்கள். இவை பெரும்பாலும் ஓரிருவர் செய்வது, பதில் சீக்கிரம் வரும். ஆனால் அதே காரணத்தால் அவர்களின் சர்வர் பாதுகாப்பும் சுமார்தான். இனி கேமுக்குள் ஒரு காலிப்பெட்டி வந்து 'எழுது' என்றால், யாரோ படிப்பார்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். மின்னஞ்சல் கேட்டால் தனியாக ஒரு முகவரி கொடுங்கள். 2019-இல் வந்த 'கைண்ட் வேர்ட்ஸ்' போன்றவை, உங்கள் கடிதத்தை நிஜ மனிதர்கள்தான் படிப்பார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகின்றன. எனக்கு அந்த வழிதான் பிடிக்கும்.

கேள்வி: இப்படி ஒரு கேமைத் தோழிக்குப் பரிசாக வாங்கித் தரலாமா?

பதில்: தாராளமாக. பிடிக்காவிட்டால் ஸ்டீமில் அதே 14 நாள், 2 மணி நேர விதிதான். பரிசை ஏற்றுக்கொண்டபின் என்றால் விண்ணப்பிக்க வேண்டியவர் தோழி, பணம் வந்து சேர்வது உங்களுக்கு.