புது வடிவில் மலிவு மின்சார கார் வருமாமே, காத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் பழைய பெட்ரோல் காரை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. கட்டுப்படியாகிற விலையில் ஒரு மின்சார காரை ஓட்டிப் பார்த்தோம், வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பணம் கட்டப்போகும் நேரத்தில், அதே கார் அடியோடு மாறிப் புது வடிவில் வரப்போகிறது, விலையும் இறங்கும் என்று ஒரே பேச்சாக இருக்கிறது. நிறுவனம் இன்னும் வாய் திறக்கவில்லை. வாங்கிவிடலாமா, பொறுத்திருக்கலாமா?

பதில்: உங்கள் பழைய கார் இன்னும் இரண்டு வருஷம் பெரிய செலவு வைக்காமல் ஓடுமா? தயங்காமல் ‘ஓடும்’ என்று சொல்ல முடிந்தால் மட்டும் பொறுத்திருங்கள். இரண்டு வருஷம் என்பதை நான் சும்மா சொல்லவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மின்சார காரான ஷெவர்லே போல்ட் விஷயத்தில் அமெரிக்காவில் நடந்தது உங்கள் கேள்விக்கு அப்படியே பொருந்தும்.

போல்ட் உற்பத்தி அந்த ஆண்டோடு நிற்கும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் மேரி பாரா 2023 ஏப்ரலில் அறிவித்தார். அப்போது அதன் ஆரம்ப விலை சுமார் 26,500 டாலர். தகுதி உள்ளவர்களுக்கு 7,500 டாலர் வரிச்சலுகையும் உண்டு. அங்கே கிடைத்த மிக மலிவான மின்சார கார்களில் அது ஒன்று. அறிவிப்பு வந்த மூன்றே மாதத்தில், ஜூலையில், ‘புதுத் தலைமுறை போல்ட் வரும்’ என்றும் நிறுவனமே சொன்னது. டிசம்பரில் பழையது நின்றது. புதியதை வெளியே காட்டியது 2025 அக்டோபரில். கவனியுங்கள், இது வெறும் வதந்தி இல்லை. நிறுவனமே உறுதி சொன்ன கார். அதற்கே இவ்வளவு காலம் ஆயிற்று.

சரி, காத்திருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? பழைய போல்ட்டின் வேக சார்ஜிங் அதிகபட்சம் 55 கிலோவாட் அளவுதான். நீண்ட பயணத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சார்ஜரில் நிற்க வேண்டியிருந்தது. புதியது 150 கிலோவாட் வரை வாங்கும். 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு 26 நிமிஷம் என்கிறது நிறுவனம். டெஸ்லா கார்களில் இருக்கும் அதே வகை சார்ஜிங் வாய் வந்திருக்கிறது. இதெல்லாம் உண்மையான முன்னேற்றம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே சார்ஜில் போகும் தூரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. பழையதற்கு 259 மைல், புதியதற்கு அறிமுகத்தில் சொன்னது 255 மைல்.

போனது என்ன என்றால், அந்த 7,500 டாலர் சலுகை 2025 செப்டம்பர் 30-ஓடு முடிந்துவிட்டது. புதியதற்கு அறிமுகத்தில் சொன்ன ஆரம்ப விலை 28,995 டாலர். சலுகையோடு சுமார் 19,000 டாலருக்கு வாங்கியிருக்கக்கூடிய ஒருவர், காத்திருந்ததால் 29,000 டாலர் பக்கம் வந்து நிற்கிறார். பழைய காரில் இருந்த ஆப்பிள் கார்ப்ளேவும் ஆண்ட்ராய்ட் ஆட்டோவும் புதியதில் இல்லை. மறுவடிவமைப்பு என்றால் எல்லாம் கூடும் என்றே நாம் நினைக்கிறோம். சில நல்ல வசதிகளை எடுத்தும் விடுவார்கள்.

ஆகவே தினசரி ஓட்டம் குறைவு, ராத்திரி வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், இன்று சலுகையோ தள்ளுபடியோ கையில் இருக்கிறது என்றால் இப்போதே வாங்குங்கள். மாதத்தில் பல தடவை தொலைதூரம் போகிறவர், இன்றைய மாடலின் சார்ஜிங் வேகம் உங்களுக்குப் போதவில்லை என்றால் மட்டுமே காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

கேள்வி: மறைப்பு ஸ்டிக்கர் ஒட்டிய காரின் படம், காப்புரிமை வரைபடம், கணினியில் வரைந்த படம் என்று தினமும் ஒன்று வருகிறது. எதை நம்புவது?

பதில்: கணினியில் வரைந்த படங்களை முதலில் ஒதுக்குங்கள். அவை வரைந்தவரின் ஆசை, அவ்வளவுதான். காப்புரிமை வரைபடங்களும் பெயர்ப் பதிவும் அதற்கு ஒரு படி மேல். பின்னால் பயன்படுத்தாமலே விட்டுவிடும் பெயர்களையும் வடிவங்களையும்கூட நிறுவனங்கள் பதிந்து வைப்பது வழக்கம். மறைப்போடு சாலையில் ஓடும் காரைப் படம் பிடித்திருந்தால், கார் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பது நிச்சயம். அதன் அளவையும் சார்ஜிங் வாய் இருக்கும் இடத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். விலையைப் பற்றி அந்தப் படம் எதுவும் சொல்லாது.

நான் மதிப்பது அரசுச் சான்றிதழ் ஆவணங்களைத்தான். சீனாவில் தொழில் அமைச்சகத்திடம் பதிவாகும் கார்களின் நீளம், அகலம், எடை, மோட்டார் சக்தி எல்லாம் அறிமுகத்துக்கு முன்பே பொதுவில் வந்துவிடும். அப்புறம் தொழிற்சாலைச் செய்திகள். எந்த ஆலையில் உற்பத்தி, எப்போது தொடக்கம் என்று நிறுவனம் தன் முதலீட்டாளர்களிடம் சொல்வது பொதுவாகப் பொறுப்போடு சொல்லப்படுவது. ஆலையே முடிவாகவில்லை என்றால், அந்தக் காரை மனதில் வைத்து உங்கள் வீட்டுக் கணக்கைப் போடாதீர்கள்.

கேள்வி: வரப்போகும் காரின் விலை என்று ஒரு தொகை அடிபடுகிறது. அந்த விலைக்குக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கலாம், முதல் நாளில் கிடைக்காது. இதில் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரிதான். டெஸ்லா மாடல் 3 காரை 35,000 டாலர் என்று 2016 மார்ச் 31 அன்று அறிவித்தார்கள். 2017-இல் வந்தது விலை கூடிய, பெரிய பேட்டரி மாடல். 35,000 டாலர் காருக்கு ஆர்டர் எடுத்தது 2019 பிப்ரவரியில்தான். 2020 செப்டம்பரில் ஈலான் மஸ்க், மூன்று ஆண்டு வாக்கில் 25,000 டாலர் கார் வரும் என்றார். அந்த மூன்று ஆண்டு முடிந்தபோது அந்தக் கார் வந்திருக்கவில்லை. 2025 அக்டோபரில் வசதிகளைக் குறைத்து வந்த மாடல் 3-இன் விலை 36,990 டாலர்.

பிரெஞ்சு நிறுவனமான ரெனோவின் சின்ன மின்சார கார் ரெனோ 5 விஷயத்தில் 25,000 யூரோ பக்கம் என்ற பேச்சைக் காப்பாற்றினார்கள், அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் அங்கேயும் முதலில் கடைக்கு வந்தது பெரிய பேட்டரி, கூடுதல் விலை. சின்ன பேட்டரி பின்னால்தான் வந்தது. ஆகவே பேசப்படும் விலை எதுவானாலும் அது அடிமட்ட மாடலின் விலை, அது கடைசியாக வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

கேள்வி: புது மாடலில் எல்எஃப்பி பேட்டரி என்கிறார்கள். மலிவாக்குவதற்காகத் தரத்தைக் குறைக்கிறார்களா?

பதில்: இல்லை, இந்தப் பயம் வேண்டாம். எல்எஃப்பி என்பது லித்தியத்தோடு இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த பேட்டரி வகை. நிக்கல், கோபால்ட் தேவைப்படாததால் விலை குறைகிறது. பலமுறை சார்ஜ் ஏற்றி இறக்கினாலும் தேய்மானம் குறைவு, சூட்டில் எளிதில் தீப்பிடிக்காது. மற்ற வகைகளை அன்றாடம் 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்வார்கள். இதைப் பெரும்பாலான நிறுவனங்கள் 100 வரை ஏற்ற அனுமதிக்கின்றன, அவ்வப்போது முழுக்க ஏற்றச் சொல்லவும் செய்கின்றன. மீட்டர் மிச்சத்தைச் சரியாகக் காட்ட அது உதவும். குறை என்றால், அதே சக்திக்கு எடை கொஞ்சம் கூடும், கடும் குளிரில் சார்ஜ் ஏறுவது மந்தமாகும். புதிய போல்ட்டும் இந்த வகைக்குத்தான் மாறியிருக்கிறது. மலிவு விலைக் காருக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஒரே காருக்கு ஒரு இடத்தில் 600 கிலோமீட்டர், இன்னொரு இடத்தில் 490 என்று போட்டிருக்கிறது. எது பொய்?

பதில்: இரண்டும் பொய் இல்லை, சோதனை முறை வேறு. மூன்றாம் தலைமுறை நிசான் லீஃபின் பெரிய பேட்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய டபிள்யூஎல்டிபி முறையில் 600 கிலோமீட்டருக்கு மேல், அமெரிக்காவின் ஈபிஏ முறையில் 303 மைல், அதாவது சுமார் 488 கிலோமீட்டர். வதந்தியில் வரும் எண் எப்போதும் பெரியதாகவே இருக்கும், எந்த முறை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஈபிஏ எண் இருந்தால் அதை வைத்துக் கணக்கிடுங்கள். இல்லையென்றால் சொன்னதில் கால்பங்கைக் கழித்துவிட்டு, மிச்சம் உங்களுக்குப் போதுமா என்று பாருங்கள்.

கேள்வி: புதியது வரும் பேச்சால் இன்றைய மாடலுக்கு டீலர் நல்ல தள்ளுபடி தருகிறார். வாங்கினால் பின்னால் மறுவிற்பனையில் அடிபடுமா?

பதில்: அடிபடும், மறைக்காமல் சொல்கிறேன். புது மாடல் வந்த அன்றே பழையதன் மதிப்பு இறங்கும். அந்த இறக்கம் இன்றைய தள்ளுபடியிலேயே அடங்கியிருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. மூன்று வருஷத்தில் விற்கிற பழக்கம் இருந்தால் யோசியுங்கள். எட்டு, பத்து வருஷம் ஓட்டுகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

பழைய மாடலுக்கு யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு பலமும் உண்டு. அதன் குறைகள் எல்லாம் தெரிந்துவிட்டன. போல்ட் 2016 கடைசியில் வந்தது. பேட்டரி செல் தயாரிப்பில் இருந்த கோளாறால் தீப்பிடிக்கும் ஆபத்து என்று அதுவரை விற்ற கார்கள் அனைத்தையும் திரும்ப அழைத்தது 2021-இல். முதல் தலைமுறை லீஃப் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லாததன் விளைவும் சூடான பகுதிகளில் சில கோடைகள் போன பிறகுதான் தெரிந்தது. புத்தம் புது வடிவில் என்ன ஒளிந்திருக்கிறது என்று முதல் ஆண்டில் வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. எப்படியும் பேட்டரி வாரண்டியைப் படித்துப் பாருங்கள். 8 ஆண்டு, கொள்திறன் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவோம் என்பது பல நிறுவனங்கள் தரும் உறுதி. அதற்குக் குறைந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி: இன்னும் அறிவிக்காத காருக்கு டீலர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். விலை, மாடல், டெலிவரி மாதம், பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனை நான்கும் எழுத்தில் வரும்வரை ஒரு பைசா கொடுக்காதீர்கள். ‘வரிசையில் முன்னால் இருப்பீர்கள்’ என்று அவர் சொன்னால், அந்த வரிசையை நிறுவனம் நடத்துகிறதா, அவரே நடத்துகிறாரா என்று கேளுங்கள்.